அறுபது மணி நேரக் கைப்பேச்சு

ஏட்டில் அறுபது கட்டங்கள் இருந்தன. ஒன்றுகூட நிரம்பவில்லை. காது கேளாத ஒருவரைத் தேடிப் பிடித்து, சைகைமொழியில் அறுபது மணி நேரம் பேசி, மணிக்கு ஒரு கையெழுத்து வாங்கி வந்தால்தான் தேர்வில் உட்காரலாம் என்பது பயிற்சி மையத்தின் சட்டம். கூடப் படிக்கிறவர்கள் பாதி ஏட்டை நிரப்பிவிட்டார்கள். மைக்கம்மாவின் ஏடு மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

மைக்கம்மா என்பது வீட்டார் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷம் ரயில் நிலையத்தில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று இரண்டிரண்டு தடவை சொன்னவர் அவர். ஒருநாள் நிர்வாகம் அவர் குரலை முழுசாகப் பதிவு செய்துகொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. குரல் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறது. எட்டு மாதம் சும்மா இருந்து பார்த்தார். யாரும் வந்து எதையும் விசாரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சைகைமொழி பெயர்ப்பாளர் பயிற்சி என்று விளம்பரம் கண்ணில் பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டார். தேறினால் பெரிய மருத்துவமனையில் வேலை என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள்.

அந்த வேலையை விடுவதாக இல்லை அவர். தேறுவோமா என்ற சந்தேகமும் அவருக்குக் கிடையாது. சந்தேகப்படுவதற்கென்று வீட்டில் கணவர் இருந்தார்.

காது கேளாதோர் சங்கத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். முதல் வாரம் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். இரண்டாம் வாரம் இரண்டு பேர். மூன்றாம் வாரம் அவர் வாசலில் தலை காட்டியதும் மாடியில் ஏதோ அவசரக் கூட்டம் என்று எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். விசாரித்ததில், அந்தம்மா நம்மைக் கையைத் தூக்கவே விடுவதில்லை என்று அங்கே பேச்சாம்.

மையத்தின் ஆசிரியை பிறவியிலேயே காது கேளாதவர். மைக்கம்மாவை விடப் பதினைந்து வயது இளையவர், கண்ணாலேயே அதட்டத் தெரிந்தவர். அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது, சத்தம் கேட்டுத் திரும்பக் கூடாது, அப்படியே கடைகண்ணிக்குப் போய்வர வேண்டும். அப்போதுதான் எங்கள் பாடு உங்களுக்குப் புரியும் என்றார்.

இதைக் கேட்டதும் கணவர், ஒரு நாள் போதுமா என்று ஆசிரியையிடம் நன்றாகக் கேட்டு வரச் சொன்னார்.

அந்தப் பயிற்சி நாளில் மைக்கம்மா வாசல் சாவிக்கு மாற்றுச் சாவி போடக் கிளம்பினார். கடைத்தெருக் கோடியில் சாவிக்கடை. ஓர் ஆள் நிற்கிற அகலம்தான். உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு இயந்திரத்தில் சாவி அறுத்துக்கொண்டிருந்தார். மைக்கம்மா பலகையைத் தட்டினார். சாவிக்காரர் நிமிரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். நிமிரவில்லை. கடைசியில் கையை அவர் முகத்துக்கு எதிரே ஆட்டி, சாவி, இதே மாதிரி, ஒன்று என்று சைகையால் சொன்னார்.

சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வந்தவரின் கைகளையே பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல் ஒரு விரலைக் காட்டி, சுவர்க் கடிகாரத்தைத் தொட்டு, பத்து விரலையும் விரித்தார்.

மைக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் தேடினவர் இதோ கடைத்தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாளும் போனார், இன்னொரு சாவி கேட்டார். அதற்கு மறுநாளும் போனார். மதியம் ஒரு மணிக்குச் சாவிக்காரர் கதவைப் பாதி இறக்கிவிடுவார், அதுதான் பேச்சு நேரம். இவ்வளவு அக்கறையாக யாரும் தன்னைக் கவனித்ததாக மைக்கம்மாவுக்கு நினைவில்லை. அவர் என்ன சைகை செய்தாலும் சாவிக்காரர் அதைத் தம் கையாலும் ஒரு தரம் செய்து பார்த்து, சரியா என்று கண்ணால் கேட்பார். என்ன மரியாதை என்று மைக்கம்மா பூரித்துப் போவார். வேறு யாராவது வந்தால் எழுந்து தெருவின் மறுகோடி வரை போய் நின்றுகொள்வார். கையால் பேசுகிறவர்களை நின்று பார்ப்பது ஒட்டுக்கேட்பதற்குச் சமம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

கணவர் ஆணியில் தொங்கிய சாவிகளை எண்ணிப் பார்த்தார்.

"நமக்கு இருக்கறது ஒரே ஒரு வாசக்கதவு. அதுக்கு எதுக்குப் பதினாலு சாவி?"

"ஒண்ணு தொலைஞ்சா?"

"மிச்சம் பதிமூணு இருக்கும்."

ஏழு மாதத்தில் ஏடு நிரம்பியது. சாவிக்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார். மகள் கல்யாணம், மூட்டு வலி, கணவரின் குறட்டை எல்லாம் பேசியாயிற்று. இருபத்திரண்டு வருஷம் மைக்கில் பேசினேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் சாவிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. அப்புறம், பாவம், மைக் என்றால் என்னவென்று அவர் எங்கே கேட்டார் என்று மன்னித்துவிட்டார்.

மாதிரித் தேர்வு வந்தது. மருத்துவர் ஒருவர், நோயாளியாகச் சங்கத்துப் பெரியவர் ஒருவர், நடுவில் மைக்கம்மா. மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. யாருக்காகப் பேசுகிறாரோ அவராகவே நின்று நான், எனக்கு என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவர், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்டார். மைக்கம்மா நெஞ்சில் உள்ளங்கையை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கேட்டார்.

பெரியவர் திடுக்கிட்டார். பிறகு முகம் சிவந்து, மூலையில் உட்கார்ந்திருந்த தம் மனைவியைக் காட்டி, நான்கு முறை பத்து விரலையும் விரித்தார்.

மைக்கம்மா கணீரென்று மருத்துவரிடம் சொன்னார்: "எனக்கு நாப்பது வருஷமா இருக்குது டாக்டர். அந்தா உக்காந்திருக்காங்களே, அவங்களாலதான்."

மருத்துவர் அனுதாபத்தோடு குறித்துக்கொண்டார்.

ஆசிரியை தாளில் பெரிய முட்டை போட்டார். நெஞ்சில் கை சுற்றினால் வலி இல்லை, ஆசை. உன் ஆசை எங்கே இருக்கிறது என்றல்லவா அந்த மனுஷரைக் கேட்டீர்கள் என்றார். வேறு யாராவது இருந்தால் தலையைக் குனிந்திருப்பார்கள். மைக்கம்மா நிமிர்ந்து நின்று, பேச்சு இடத்துக்கு இடம் மாறுகிற மாதிரி சைகையும் மாறும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இது கடைத்தெரு வழக்கு என்றார். அறுபது மணி நேரம் ஒருவரோடு பேசியிருக்கிறேன், ஒரு தடவைகூட அவருக்குப் புரியாமல் போனதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆசிரியை ஆதாரம் கேட்டார். மைக்கம்மா மறுநாளே சாவிக்காரர் பேசுவதைக் கைப்பேசியில் படம் எடுத்துவந்து காட்டினார். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

ஆசிரியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். வலிக்கு நெஞ்சில் கை சுற்றுகிறார், சரி. நேற்று என்பதற்குக் கையை முன்னால் நீட்டுகிறார், அது உங்கள் தப்பு. கேள்வி கேட்கும் முன்னால் மோவாயைத் தூக்குகிறார், அதுவும் உங்களுடையது. எதையும் இரண்டு தடவை சொல்கிறார்.

"உங்க தப்பு ஒண்ணு பாக்கி இல்ல. நீங்கதான் இவருக்குச் சொல்லிக்குடுத்து நடிக்க வச்சிருக்கீங்க" என்று ஆசிரியையின் கைகள் சொல்லின.

மைக்கம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. பிறந்ததிலிருந்து இந்த மொழியில் வாழ்கிற மனுஷருக்கு, நேற்று வந்த நான் சொல்லிக்கொடுத்தேனா? கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து, அபாண்டமாகப் பழி சுமத்துகிறார்கள், நியாயம் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டார்.

நியாயம் ஒரே வாரத்தில் கடிதமாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை அதிகாரி நேரில் விசாரிப்பார். கையெழுத்துப் போட்டவரை அழைத்து வர வேண்டும். சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்தது உண்மையென்றால் பயிற்சியிலிருந்து பெயர் அடிக்கப்படும், மருத்துவமனை வேலை அடுத்தவருக்குப் போகும்.

கணவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நாலு பக்கத்துக்குப் பதிலா நாலு வரி எழுதியிருக்கலாம்" என்றார்.

மைக்கம்மா கடிதத்தை மறுபடி பிரித்துப் படித்தார். அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. குரலைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள், கையையும் பிடுங்கிக்கொண்டால் மறுபடி அந்த எட்டு மாதத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மணிக்குச் சாவிக்கடைக்குப் போனார். பெரிய அதிகாரி வருகிறார், என்னைப் பொய்க்காரி என்கிறார்கள், நீங்கள் வந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கையால் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். சாவிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்து, வருகிறேன், உங்களுக்காக நான் பேசுகிறேன், உங்களுக்காக நான் பேசுகிறேன் என்றார்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் மைக்கம்மாவுக்குப் போன தைரியம் திரும்பி வந்தது. இவர் ஒருவர் போதும், ஆயிரம் அதிகாரி வரட்டும் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சாவிக்காரர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். மையத்தின் உள்ளே மொழிபெயர்ப்புக்குத் தவிர யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதால் வாசலிலிருந்தே எல்லாம் கைப்பேச்சுதான். நீள மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் ஆசிரியையும். அதிகாரிக்குச் சைகைமொழி தெரியாது. அவருக்குச் சொல்வதற்கென்று மையத்தின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவருக்கும் அதிகாரிக்கும்தான் அங்கே வாய் திறக்க அனுமதி.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏட்டைப் புரட்டி அறுபது கையெழுத்தையும் பார்த்தார். பிறகு மைக்கம்மாவை நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

மைக்கம்மா எழுந்தார். ஆசிரியையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மோவாயைத் தூக்கி, சட்டப்படி கைகளை உயர்த்தினார். காது கேளாத இந்தப் பெரிய மனிதருக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்தான் என் சாட்சி என்று தொடங்குவதாகத் திட்டம்.

முதல் சைகைகூட முடியவில்லை. மையத்தின் மொழிபெயர்ப்பாளரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பக்கத்திலிருந்து சாவிக்காரர் எழுந்து, கைகூப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஐயா, இந்தம்மாவுக்குக் காது கேக்காது, பேச வராது. இவங்களோட நாலு வார்த்தை பேசணுமேன்னுதான் நான் ஏழு மாசமா இவங்க கையைப் பாத்துப் பாத்து இந்தப் பாஷையைக் கத்துக்கிட்டேன். நீங்க கேளுங்க, அவங்க சொல்றத நான் அப்படியே சொல்றேன்."