திருவிழா நோட்டீஸில் யார் பேர் முதல்ல?

அன்னிக்கு எனக்கிருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை வெப்சைட்டுல போடணும்.

ரெண்டாயிரத்துச் சொச்சத்துல நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் டவுன்ல ஒரு கம்பியூட்டர் கடையில வேலை பார்த்தேன். கோயில் கமிட்டித் தலைவர் வேலாயுதம். அவரோட மகள் சாந்தியைத்தான் எங்க வீட்டுல எனக்குக் கேட்டிருந்தாங்க. "திருவிழா முடியட்டும், பார்ப்போம்"னு சொல்லியிருந்தார். வெப்சைட்டைப் பார்த்ததும் மனுசன் சரின்னுடுவார்னு நினைச்சேன்.

சும்மா டைப் பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பேன். நான்தான் படிச்சவனாச்சே! பேருக்கு ஒரு பெட்டி, பதவிக்கு ஒரு பெட்டி, உபயத்துக்கு ஒரு பெட்டின்னு ஃபாரம் செஞ்சேன். கமிட்டியில பதினோரு பேர். ஒவ்வொருத்தரா கடைக்கு வந்து அவங்கவங்க விவரத்தை நிரப்பினாங்க. மிச்சத்தை மெஷின் பார்த்துக்கும்னு நான் பால் ஊத்தாத பிளேன்டி ஒண்ணு குடிக்கப் போயிட்டேன்.

மெஷின் பார்த்துக்கிச்சு. எல்லாரையும் அகர வரிசையில அடுக்கிருச்சு. நானும் திரும்பிப் பார்க்காம வெப்சைட்டுல ஏத்திட்டு, அதையே நோட்டீஸா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எங்க ஊர்ப் பொகவந்தலாவை பஜார் முழுக்க ஒட்டிட்டாங்க.

முதல் பேர் அருணாசலம். போன வருசம்தான் அவரைத் தலைவர் பதவியில இருந்து இறக்கிட்டு வேலாயுதத்தை உட்கார வெச்சாங்க. கடைசிப் பேர் வேலாயுதம். அவருக்கு மேல லைட் கட்டுற விஜயன்.

எங்க பக்கம் நோட்டீஸ்ல பேர் எங்க வருதுங்கிறதுக்காகவே சம்பந்தம் முறிஞ்சிருக்கு.

மறுநாள் முதல் பஸ்ஸுலயே தலைவர் வந்து இறங்கினார். கையில கிழிச்ச நோட்டீஸ்.

"தம்பி, நான் தலைவர்னு இந்தக் கம்பியூட்டருக்குத் தெரியாதா?"

"பதவிப் பெட்டியில இருக்குங்க மாமா. பதவியைப் பார்த்து அடுக்கணும்னுதான் அதுக்குச் சொல்லலைங்க."

"யாரு சொல்லணும்?"

"நான்தாங்க."

"வெவரமான பையன்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டாங்க."

உடனே ஃபாரத்துல 'வரிசை எண்'னு இன்னொரு பெட்டி சேர்த்தேன். கமிட்டியைத் திரும்பக் கூப்பிட்டு நிரப்பச் சொன்னேன். தலைவர் மட்டும் பெஞ்சை விட்டு நகராம பார்த்துக்கிட்டே இருந்தார்.

மத்தியானம் திறந்து பார்க்கிறேன், பத்து பேரும் ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. விஜயன்கூட ஒண்ணு.

எல்லாருக்கும் ஒரே எண்ணுன்னா மெஷின் பழையபடி அகர வரிசைக்குப் போயிடும். மறுபடியும் அருணாசலம்தான் மேல. சாந்தி போயிட்டான்னு முடிவே பண்ணிட்டேன்.

தலைவர் மெதுவா எழுந்து வந்தார். "ஒண்ணுக்கு முன்னால ஏதும் இருக்கா?"

"சைபர் இருக்குங்க மாமா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒத்தை விரலால அதை அழுத்தினார்.

பொண்ணு கிடைச்சுது. கல்யாணப் பத்திரிகையை மட்டும் மாமனாரையே கையால எழுதித் தரச் சொல்லிட்டேன்.