வாட்டர்லூவில் தோற்காதவர்

ஆட்டம் நடக்கும்போது ஜெயிக்கப் பார்ப்பவர்கள் சாதாரண மனிதர்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஜெயிக்கிற ஓர் இனம் உண்டு. இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

சீட்டு மேசையில், சதுரங்கப் பலகையில், வழக்குத் தோற்று நீதிமன்ற வாசலில் நிற்கிற கூட்டத்தில், சம்பந்தம் முறிந்துபோன வீட்டு முற்றத்தில், எங்கே தேடினாலும் இந்த இனத்தில் ஒருவர் அகப்படுவார். கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. தோற்ற ஆள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இவர் போகமாட்டார். கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "உண்மையில பாத்தால்…" என்று தொடங்குவார். நீங்கள் அன்றைக்கு இராச்சாப்பாடு சூடாகச் சாப்பிட்ட மாதிரித்தான்.

மன்னார்ப் பட்டினத்தில், ஜோர்ஜ் மன்னரின் தாடி வைத்த படம் எல்லாக் கந்தோர்ச் சுவர்களிலும் தொங்கிய காலத்தில், இந்த இனத்தின் மிகச் சிறந்த உதாரணமாக விளங்கியவர் பஸ்தியாம்பிள்ளையர். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இரண்டாவது கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மாத்திரம் பிரான்ஸ் தேசத்துச் சக்கரவர்த்தி.

சக்கரவர்த்தியானது எப்படி என்று கேட்பீர்கள். துரைமாருக்குத் தனியாக ஒரு கிளப் இருந்தது. அங்கே நம்மவர்கள் போக முடியாது. நம்மவர்களுக்குக் கோட்டைக்குக் கிட்ட, அரசாங்கத்தின் பழைய கட்டடம் ஒன்றில் ஒரு கிளப் இருந்தது. அங்கே துரைமார் வரத் தேவையில்லை. இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. ஊருக்குப் போன ஒரு துரை தன் சாமான்களை ஏலம் விட்டபோது, எருக்கலம்பிட்டிச் சங்கு வியாபாரி மீராசாஹிபு முதலாளி, புடவை வைக்க உதவும் என்று ஒரு தேக்குப் பெட்டியைக் கேட்டு எடுத்தார். திறந்து பார்த்தால் உள்ளே நெப்போலியன்! அவனோடு நீலச் சட்டைப் பிரெஞ்சுப் பட்டாளம், செஞ்சட்டை இங்கிலீசுப் பட்டாளம், சுருள்வில்லுப் போட்ட குட்டிப் பீரங்கிகள், எப்படி யுத்தம் செய்வதென்று சொல்லும் ஒரு சின்னப் புத்தகம். எல்லாம் விரல் நீள ஈயச் சிப்பாய்கள். முதலாளி பெட்டியை வைத்துக்கொண்டு பட்டாளங்களைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஐரோப்பா கிளப்பில் கூடியது. இரண்டு மேசைகளைச் சேர்த்து அதன்மேல் கடல்மணலைப் பரப்புவார்கள். முத்துச்சிப்பியைக் குவித்தால் மலை. உடைமரக் கொப்பை நட்டால் காடு. நெருப்புப் பெட்டிகளை அடுக்கினால் ஊர். தென்னை ஈர்க்கால் அளந்து படையை நகர்த்துவதும், புளியங்கொட்டையைப் பீரங்கியில் வைத்துச் சுடுவதும், விழுந்த சிப்பாயை மேசையைவிட்டு எடுப்பதும்தான் யுத்தம். இங்கிலீசுப் பக்கம் முதலாளி. அவருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். நடுவர், தபாற்கந்தோர்ச் சிங்கராசா. நெப்போலியன் எப்போதும் பஸ்தியாம்பிள்ளையர்தான். வேறு யாராவது குதிரைமேலிருந்த அந்த ஈயச் சக்கரவர்த்தியைத் தொட்டால், தம் மூக்கைத் தொட்ட மாதிரி அவருக்குக் கோபம் வரும்.

இந்தச் சக்கரவர்த்தி ஒருநாளும் வென்றதில்லை. ஒருநாளும் தோற்றதுமில்லை.

எப்படி என்றால், கச்சான் காற்று யன்னலால் அடித்துப் புளியங்கொட்டையைத் திருப்பிவிடும். குறிபார்க்கிற நேரம் பார்த்து வெளியே ஒரு கழுதை கத்தும். தவக்காலத்து ஒருசந்தியில், ஒருநேரச் சாப்பாட்டோடு, எந்தச் சக்கரவர்த்தியால் யோசிக்க முடியும்? மூக்குக் கண்ணாடி போன வருஷத்தது. இவை ஒன்றுமே இல்லாத நாளில், எதிரியின் மடத்தனம் இருக்கவே இருக்கிறது.

"முதலாளி, நீங்கள் அந்தக் குதிரைப்படையை அங்க கொண்டுபோனது முழுப் பிழை."

"அதாலதானே கிளாக்கர் நான் வெண்டனான்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். இப்பிடி ஒரு பிழையை எந்தத் தளபதி எதிர்பார்ப்பான்? கணக்குப்படி பாத்தால் வெற்றி எனக்குத்தான்."

ருஷியப் போர் இன்னும் விசேஷம். பனிக்கு என்ன செய்வது என்று மூவரும் தலையைப் பிய்த்து, கடைசியில் உப்பு வாங்கி மேசை முழுவதும் கொட்டினார்கள். மன்னாரில் பிறந்து வளர்ந்த மூன்று பேர், கடற்காற்றில் உப்புக் கசியும் என்பதை மறந்தது எப்படி என்று கேட்காதீர்கள். யுத்த உற்சாகம் அப்படி. மறுநாள் பார்த்தால் ருஷியா தண்ணீராக ஓடி நிலத்தில் சொட்டுகிறது. சிப்பாய்களின் முழங்கால்வரை வெள்ளை பூத்துவிட்டது. நெப்போலியன் தோற்றானா? அதெப்படி? "சரித்திரத்தில அவனைக் கெடுத்தது பனி. இஞ்ச பனி உருகிப்போச்சுது. அப்ப அவன் தோக்கேல்லை" என்று பஸ்தியாம்பிள்ளையர் தீர்ப்புச் சொன்னார். சிங்கராசா தரையைத் துடைக்கத் துணி தேடிப் போனார்.

இப்படியே போயிருந்தால் இது கதையாகியிராது. கந்தோரில் பெரிய கிளாக்கர் வேலையிலிருந்து இளைப்பாறப் போகிற செய்தி வந்தது. பெரிய கிளாக்கரின் கதிரைக்குக் கைபிடி உண்டு. இரண்டாவது கிளாக்கரின் கதிரைக்குக் கிடையாது. கைபிடியில்லாத கதிரையில் அத்தனை வருஷம் இருந்த மனிதருக்கு, முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு மரத்துண்டு எவ்வளவு பெரிய ஆசை என்பது கைபிடிக் கதிரையில் இருக்கிற உங்களுக்கு விளங்காது. பஸ்தியாம்பிள்ளையர் மனுப் போட்டிருந்தார். கந்தோர்த் துரையின் ஒரு சொல்லில் இருந்தது காரியம்.

அந்தச் சமயத்தில்தான் கந்தோர்ச் சேவகன் ஒரு செய்தி கொண்டுவந்தான். வருகிற ஞாயிறு பின்னேரம் துரை கிளப்புக்கு வருகிறாராம்!

எதற்கு? யாருக்கும் தெரியாது. பஸ்தியாம்பிள்ளையருக்கு மட்டும் தெரியும். தன்னுடைய யுத்த ஞானம் துரையின் காதுவரை போய்விட்டது. வேறென்ன? அவர் கோட்டுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டார். மீசையைக் கத்தரித்தார். ஞாயிறு பின்னேரம் வாட்டர்லூ விரிக்கப்பட்டது.

அன்றைக்கு ஓர் அதிசயம் நடந்தது. துரை எந்நேரம் வருவாரோ என்ற பதற்றத்தில் மனிதருக்கு வாய் எழும்பவில்லை. பேச மறந்தவருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்தவர் நன்றாக விளையாடினார். புளியங்கொட்டைகள் குறி தவறாமல் பறந்தன. செஞ்சட்டைகள் ஒவ்வொன்றாய் மேசையைவிட்டு இறங்கின. கடைசியில் முத்துச்சிப்பி மலைமேல் இங்கிலீசுக்காரருக்கு ஒரு கைப்பிடிச் சிப்பாயும் ஒரு பீரங்கியுமே மிச்சம். மலையின் பின்பக்கம், பீரங்கி திரும்ப முடியாத இடத்தில், சக்கரவர்த்தியின் சொந்தக் காவற்படை முழுசாக நின்றது. இன்னும் ஒரே நகர்வு.

"கிளாக்கர், இண்டைக்கு நீங்கள்தான்" என்றார் முதலாளி. அவருக்கும் சந்தோஷம்.

பஸ்தியாம்பிள்ளையர் மேசையை ஒருதரம் முழுசாகப் பார்த்தார். வெற்றி! காற்றும் கழுதையும் தேவைப்படாத, உண்மையான, முதல் வெற்றி. அவர் காவற்படையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. துரை உள்ளே வந்தார். பின்னால் கட்டட ஓவசியர். மூவரும் எழுந்து நின்றார்கள்.

எழுந்து நின்ற பஸ்தியாம்பிள்ளையரின் கண், மேசைக்கு வெளியே குவிந்து கிடந்த செஞ்சட்டைகளில் விழுந்தது. கொன்று போட்டது யார்? இரண்டாவது கிளாக்கர். செத்துக் கிடப்பது யார்? துரையின் பாட்டன்மார்! வாட்டர்லூவில் இங்கிலீசுக்காரனைத் தோற்கடித்துவிட்டு, நாளைக்கு அதே துரையின் கையிலிருந்து கைபிடிக் கதிரையை வாங்குவதா? ஒரு பக்கம் வாழ்நாளின் ஒரே வெற்றி, மறுபக்கம் கதிரை. சக்கரவர்த்தி கொஞ்ச நேரம் போராடினார். கிளாக்கர் வென்றார்.

காவற்படையைத் தூக்கி, மலையைச் சுற்றிக் கொண்டுவந்து, வெட்டவெளி மணலில் பீரங்கியின் வாய்க்கு நேரே வைத்தார்.

"கிளாக்கர், அங்கையோ வைக்கிறியள்? வடிவாப் பாருங்கோ. அது பீரங்கிக்கு முன்னுக்கு" என்று பதறினார் முதலாளி.

"தெரியும் முதலாளி. சுடுங்கோ."

முதலாளி சுட்டார். திரும்பவும் சுட்டார். காவற்படை மணலில் சரிந்தது. பஸ்தியாம்பிள்ளையர் தம் கையாலேயே நெப்போலியனைப் படுக்கவைத்துவிட்டு, தியாகம் செய்த ஒருவரின் புன்னகையோடு துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

துரையின் முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்ததிலிருந்து அவர் பார்த்தது கூரையைத்தான். கைத்தடியால் கூரையின் வளைமரம் ஒன்றைக் குத்தினார். பொலபொலவென்று கறையான் மண் கொட்டி வெற்றிபெற்ற இங்கிலீசுப் பட்டாளத்தை மூடியது. துரை ஓவசியரிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார்; ஓவசியர் தலையாட்டினார்; இரண்டு பேரும் அடுத்த கட்டடத்தின் கூரையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மேசையின் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

முதலாளி சிப்பாய்களின் மேலிருந்த கறையான் மண்ணை ஊதினார். பிறகு சிங்கராசா ஆதரவாகச் சொன்னார். "பரவாயில்லை, பஸ்தியாம்பிள்ளையர். துரையைக் கண்டதும் கை தடுமாறிப்போச்சுது. ஆருக்கும் வரும்."

யோசித்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் காரணம் தேடியலைந்த மனிதருக்கு, நண்பர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அவர் வாங்கவில்லை.

"கை தடுமாறேல்லை. நான் வேணுமெண்டுதான் தோத்தனான்."

முதலாளி சிரிக்கத் தொடங்கினார். சிங்கராசா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அல்லாவே! கிளாக்கர், இவ்வளவு நாளும் சொன்னதுகளுக்குள்ள இதுதான் திறம்" என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பஸ்தியாம்பிள்ளையர் சத்தியம் செய்தார், அந்தோனியாரை இழுத்தார். அவர் சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் சிரித்தார்கள்.

வீட்டிலே மனைவி செலீனாவிடம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஓம். வேணுமெண்டுதான் தோத்தனியள்" என்றாள். "கோட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ, செபமாலை சொல்லுவம்."

அன்றைக்கு அவர் செபமாலையில் பாதியில் நின்றுவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் சொன்ன காரணம் உண்மை. அதை நம்ப உலகத்தில் ஒரு ஆளில்லை. பாவம் மனிதர். கதிரையும் வரவில்லை. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து அதில் முழங்கையை ஊன்றினார்; அந்த நியமனம் வாட்டர்லூவுக்கு முன்பே முடிந்த காரியமாம்.

அதற்கடுத்த ஞாயிறு பஸ்தியாம்பிள்ளையர் கிளப்புக்கு வந்தார், விளையாடினார், நேர்மையாகத் தோற்றார். சிப்பாய்களை எடுத்து அடுக்கினார். "தோத்திட்டன்" என்றார். முதலாளியும் சிங்கராசாவும் கதிரையில் சாய்ந்து அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கிளாக்கருக்கு உடம்புக்கு ஏதோ சரியில்லைப் போல" என்றார் முதலாளி கவலையோடு.

"அதுதானே பாத்தன்" என்றார் சிங்கராசா. "அதாலதான் தோத்தவர்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரின் பெயர்கூட மனதில் வந்திருக்கும். நாளைக்கே இதை அவர்களிடம் வாசித்துக் காட்டவும் எண்ணியிருப்பீர்கள். நல்லது. அதற்கு முன் ஒன்றே ஒன்று. "நான் தோற்றுவிட்டேன்" என்று சொல்லி, அதோடு வாயை மூடிக்கொண்ட ஒரு நாளை உங்களால் ஞாபகப்படுத்த முடிகிறதா? அவசரமில்லை, ஆறுதலாக யோசியுங்கள்.

முடியவில்லையா? ஞாபகம் வராததற்குக் காரணம் மட்டும் சொல்லத் தொடங்காதீர்கள்.