1672-ஆம் ஆண்டுப் பங்களா

சேசு, மரி, சூசை துணை

திருகோணமலை,
15.10.1964

அன்பும் மரியாதையும் நிறைந்த றொபேட் அத்தானுக்கு, மைத்துனன் சிறில் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் மரியமலரும் மகள் மாகிரட்டும் சுகம். மட்டக்களப்பில் உங்களுக்கும் அக்காவுக்கும் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் குறையவில்லை. அதைவிடப் பெரிய நோ ஒன்று வந்திருக்கிறது. அதற்கு மூலகாரணம் நீங்கள்தான், கோபிக்க வேண்டாம்.

1951-இல் பொதுவேலை இலாகாவில் நீங்கள் ஓவசியர், நான் உங்களுக்குக் கீழே கிளாக்கர். அரசாங்கக் கட்டிடம் ஒவ்வொன்றுக்கும் பதிவு நம்பர் எழுதச் சொல்லிக் கந்தோருக்குக் கட்டளை வந்தது நினைவிருக்கும். பெயின்ற் அடிக்கிறவனுக்குக் காய்ச்சல் என்று கோட்டைக்குள் நான்தான் கறுப்புப் பெயின்ற் வாளியோடு ஏணியில் ஏறினேன். பழைய பங்களாவின் வாசலுக்கு மேலே 1672. அதன் குசினிக்கு 1673. கக்கூசுக்கு 1674. குதிரை லாயத்தின் கதவில் 1675. பிறகு லாயத்தை இடித்தபோது அந்தக் கதவை நீங்கள் எனக்குத் தந்தீர்கள். அதைப் பற்றி இங்கே விரித்து எழுதவில்லை.

இப்போது மைக்கல் என்று ஒரு சரித்திர வாத்தியார், வயது முப்பத்திரண்டு, நல்ல குடும்பம், சிகரெட்கூட இல்லை, கோட்டையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறார். போர்த்துக்கேயர் கட்ட, ஒல்லாந்தர் பிடிக்க, பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்க்க, ஆங்கிலேயர் வந்து குந்திய கதையெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பழைய ஆட்களிடம் விபரம் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய எங்கள் வீட்டுக்கு வருகிறார். குசினிப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். மாகிரட் தேத்தண்ணி கொடுப்பாள். அவளுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது, அத்தான். அந்தக் கதிரையை நினைத்துத்தான் நாங்கள் இருவரும் செபமாலை சொல்கிறோம்.

போன ஞாயிறு வந்தவர், "ஐயா, கண்டுபிடிச்சிட்டன்! பங்களா பிரெஞ்சுக்காரர் கட்டினது. வாசலுக்கு மேல வருசமே எழுதிக் கிடக்கு! 1672இல வந்தவை, கட்டினவை, சாப்பாடில்லாமல் ஓடினவை. ஏன் சாப்பாடில்லை? குசினி அடுத்த வருசம்தானே கட்டினது!" என்றார்.

"அப்ப கக்கூஸ், தம்பி?" என்று மரியமலர் கேட்டாள்.

"அது அதுக்கடுத்த வருசம், அம்மா. முறையாத்தான் கட்டியிருக்கினம்."

எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. வருகிற மாதம் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். உண்மையைச் சொன்னால் வெட்கத்தில் இந்தப் படலைப் பக்கமே வரமாட்டார், பிள்ளையின் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் படித்தவர்களெல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் இருக்கிறேன். கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம் சொல்லிப் பார்த்தேன். சாமி சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் நின்ற சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஆகவே அத்தான், ஒரு உபகாரம். நம்பர், பெயின்ற், ஏணி எல்லாம் உங்களுடைய வேலைதான், சிறிலுக்கு ஒன்றும் தெரியாது என்று மைக்கலுக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களோடு கோபித்தால் பரவாயில்லை.

அக்காவுக்கு எங்கள் அன்பு. நம் எல்லோருடைய முழங்கால்களையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஆசீர்வாதத்தை நாடும்,
சிறில்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மனம் வராமல் மூன்று நாள் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. பொறுக்க ஏலாமல் எல்லாவற்றையும் மைக்கலிடம் சொல்லிவிட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அது வருசமில்லை, நம்பரெண்டு வந்த முதல் நாளே தெரியும், மாமா. உங்கட குசினிக் கதவில 1675 கிடக்கு. பிரெஞ்சுக்காரரை இழுத்தாவது உங்கட வாயைத் திறக்கலாமெண்டு பாத்தன்."

இரண்டு வருடத்தில் இன்றுதான் மாமா என்றார்.

"அப்ப புத்தகம்?"

"நாலு பக்கம்தான் எழுதினனான். முடிச்சால் ஞாயிற்றுக்கிழமை வர வேறை என்ன சாட்டு?"

ஆகையால் நீங்கள் ஒரு கடிதமும் போட வேண்டாம். தை மாதம் அக்காவோடு வந்து சேர்ந்தால் போதும். கலியாணத்துக்கு வீடு முழுக்கப் பெயின்ற் அடிக்கப் போகிறேன். குசினிக் கதவைமட்டும் தொடக்கூடாது என்று மாகிரட் சொல்லிவிட்டாள்.