கடலுக்குப் போக ஒரு வியாதி வேண்டும்

ஆம்பூர்,
செப்டம்பர் 1982,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புத் தங்கை பொன்மலருக்கு,

அக்கா சாரா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உன் அத்தானும் நானும் சுகம். அத்தான் சுகமாக இருப்பதை ஊர் நம்புகிறது. நான் சுகமாக இருப்பதை நம்பத்தான் ஆளில்லை. தரங்கம்பாடியில் நீயும் உன் விடுதிப் பிள்ளைகளும் சுகமென்று, எந்தச் சாட்சியும் கேட்காமல், நான் நம்புகிறேன்.

நன்றாக இருக்கிற ஒருத்தி, தான் நன்றாக இருப்பதை எப்படி நிரூபிப்பது? பௌதிகத்தில் பட்டம் வாங்கி, இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் நிரூபணம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. காய்ச்சல் இருந்தால் தெர்மாமீட்டரைக் காட்டலாம். இல்லாத காய்ச்சலுக்கும் காட்டிப் பார்த்தேன். "இது உள்காய்ச்சல், அதுல தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் உன்னிடம் வருவதாக எழுதினேன் அல்லவா, அன்றே அத்தானிடமும் சொன்னேன். "எதுக்கு?" என்றார். "சும்மா. கடலைப் பார்க்க." "பார்த்து?" "பார்த்துட்டு வர்றதுதான்." "பொன்மலருக்கு உடம்பு சரியில்லையா?" "அவ நல்லாத்தான் இருக்கா." "அப்ப உனக்கா?" நான் சிரித்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. துக்கத்தை மறைக்கச் சிரிக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் அது கல்யாணத்துக்கு, சாவுக்கு, பரீட்சைக்கு, சபைக் கன்வென்ஷனுக்கு, அல்லது ஆஸ்பத்திரிக்கு. சும்மா என்று ஒரு காரணம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அதிலும் தேசமெல்லாம் வைத்தியத்துக்கு நம் வேலூருக்கு வருகிறபோது, இங்கிருந்து ஒருத்தி காற்றுக்காக வெளியூர் போகிறாள் என்றால், வேலூரே கைவிட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்!

நான் கடலைப் பார்க்காதவளும் அல்ல. பள்ளிச் சுற்றுலாவில் மகாபலிபுரம் போயிருக்கிறேன். கரையில் நின்று, அலையோரம் போன பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். திரும்பி பஸ் ஏறின பிறகுதான் கடலைப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. யார் தலையையும் எண்ணாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

பிரயாணம் போகிறவர்களுக்காகச் சபையில் ஜெபிப்பது வழக்கமாயிற்றே, அத்தான் வெள்ளை மனசோடு போதகரிடம் சொல்லிவிட்டார். போதகரோ பிரயாணத்தையும் பிணியையும் ஒரே மூச்சில் ஜெபிக்கிறவர். "கால் முறிந்து கிடக்கும் சகோதரர் மோசஸுக்காகவும், காற்று மாற்றத்துக்காகக் கடலோரம் செல்லும் எங்கள் சகோதரி சாராவுக்காகவும், கண் ஆபரேஷனுக்குப் போகும் பூவம்மாளுக்காகவும்..." ஒரு காலுக்கும் ஒரு கண்ணுக்கும் நடுவே என் பெயர் அகப்பட்டுக்கொண்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத்தான் பார்த்தது. முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அன்று மாலையிலிருந்து வீட்டில் கூட்டம். வியாதிக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பதைப் வேதத்திலுள்ள பத்துக் கற்பனைகளைவிடக் கண்டிப்பாகக் கைக்கொள்கிறவர்கள் நம்மவர்கள். மேஜை மேல் பிரட்டும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் குவிந்துவிட்டன. "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்து அமிர்தவள்ளி டீச்சர் என் கையைத் தடவிக்கொண்டே, "ஆமாம்மா, ஒண்ணும் இல்லைதான். எங்க வீட்டுக்காரரும் கடைசி வரைக்கும் அப்டித்தான் சொல்லினு இருந்தாரு" என்றார். நான் மறுக்க மறுக்க வியாதி முற்றியது. மறுக்காமல் பேசாமல் உட்கார்ந்தால், "பாவம், பேச்சே கம்மியாயிடுச்சு" என்றார்கள்.

பக்கத்து வீட்டு சுகரா பேகம் ஒருவர்தான் என்னை நோயாளியாக்காதவர். பைத்தியமாக்கினார், அது வேறு. அவர் வீட்டுக்காரருக்குத் தோல் மண்டியில் வேலை. "இன்னா டீச்சர், கடல் காத்துல அப்டி இன்னா இருக்குது? உப்புதானே? எங்க மண்டிக்கு வாங்க. பச்சைத்தோல் லோடு வந்து, உப்பு போட்டு அடுக்கி வெச்சிருக்காங்க. ஓரமா உக்காந்து நல்லா மூச்சு இழுங்க. ரயில் அலைச்சல் மிச்சம். ஜாஸ்தி படிச்சாலே இந்த பேஜார்தான்" என்றார். சொன்னதோடு ஒரு பாத்திரம் பிரியாணியும் கொடுத்தனுப்பினார். அந்த நேரம் பார்த்து அத்தானின் அக்கா, நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஜெயபுஷ்பம் அண்ணி, வேலூர் பாகாயத்திலிருந்து வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றுமுன் என் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லை" என்றார். "இவளுக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது" என்று பிரியாணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்குக் கஞ்சி வந்தது. அண்ணி எதிரில் உட்கார்ந்து கடைசி எலும்பு வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, "காரம் கொஞ்சம் ஜாஸ்தி, உனக்கு ஒத்துக்காது" என்றார்.

இதையெல்லாம் தாங்கிவிடலாம். அத்தானைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரை எடுத்து உள்ளே வைக்காதவர், காலையில் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து நிற்கிறார். "மெதுவா குடி" என்கிறார். இதுவரைக்கும் என்ன வேகத்தில் குடித்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. படியேறினால் மூச்சு வாங்குகிறது. முன்பும் வாங்கியதுதான், ஆனால் முன்பு நான் அதை உட்கார்ந்து கேட்டதில்லை. எதையும் சந்தேகப்படு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், நேற்று யாரும் பார்க்காத நேரத்தில் நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்தேன். நாக்கு நாக்காகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

நாளைக்கு நான் ரயிலேற வேண்டிய நாள். அதே நாளில் வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் அண்ணி சொல்லிவைத்துவிட்டார். "கல்கத்தாக்காரன் ரயிலேறி வந்து இவருக்காகக் காத்துனு கிடக்கான். உனக்குக் கைக்கெட்ற தூரத்துல இருக்கு, வேணாங்கிறே. அவர் ஒண்ணும் இல்லைன்னு சொல்லட்டும், அப்புறம் நீ எந்தக் கடலுக்கு வேணாலும் போ." அத்தான் வெந்நீர் டம்ளரோடு என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டேன். இந்த மூன்று நாள் போனால் பள்ளி திறந்துவிடும். அடுத்த விடுமுறையைக் கிறிஸ்துமஸ் பலகாரம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நான் வரவில்லை, பொன்மலர். எனக்கென்று ஒதுக்கிய, கடல் பக்கத்து அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. எனக்காகச் சொல்லிவைத்த மீனை நீயே சாப்பிடு.

உன்னையும் உன் பிள்ளைகளையும் கர்த்தர் நல்ல சுகத்தோடு காப்பாராக; அந்தச் சுகம் சொந்தக்காரர் யார் கண்ணிலும் படாமலும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
சாரா ஜெயகரன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை. காலை அவசரத்தில் இதைத் தபாலில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். டாக்டர் நிதானமாகப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லைம்மா, என்னைவிட நல்லா இருக்கீங்க" என்றார். வெளியே வந்ததும், "இப்ப நான் கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டேன். அண்ணிக்கு ஆச்சரியம். "நல்லாத்தானே இருக்கே? அப்புறம் கடல் எதுக்கு?" அத்தானும், "அதானே! ஒண்ணும் இல்லாததுக்கு யாராவது அவ்ளோ தூரம் போவாங்களா?" என்றார். சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் என்று முடிவு செய்து, கேசரிக்கு எவ்வளவு ரவை போடுவது என்று பேசிக்கொண்டே காட்பாடிக்கு வந்தோம். ஆம்பூர் வண்டிக்குக் காத்திருக்கும்போது பக்கத்துப் பிளாட்பாரத்தில், உன் ஊர்ப் பக்கம் வருகிற விழுப்புரம் பாசஞ்சர் நின்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டால் வேண்டுமென்று அண்ணி மாற்றுப் புடவை, சோப்பு, தட்டு எல்லாம் கட்டிய பை என் கையில்தான் இருந்தது. "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று போனேன். தண்ணீரும் குடித்தேன். பிறகு டிக்கெட் வாங்கி ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரும்போது அத்தான் பார்த்துவிட்டார். ஜன்னலோடு கூடவே ஓடிவந்து, "சாரா! எங்கே போறே? உடம்புக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப முடியலைங்க" என்றேன். அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஜாக்கிரதையா போய்ட்டு வா!" என்று கையை ஆட்டினார்.

ஆரணி தாண்டி வண்டி ஆடிக்கொண்டே போகிறது. இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுக்கப்போவதால், ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்பு என்று எழுதிப் பயனில்லை.