மூன்று நாள் நிதானம்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நிதானமாக இருப்பதென்று அவர் முடிவெடுத்தார். அந்த முடிவையும் அவசரத்தில்தான் எடுத்தார்.

மின்சார அலுவலகத்தில் அவருக்கு வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. ஒரு வீட்டுக்குப் பதினோரு விநாடி. வாசல், மீட்டர், எண், அடுத்த வாசல். குரைக்கலாமா என்று நாய் எழுந்து யோசிப்பதற்குள் அவர் மூன்றாவது வீட்டில் இருப்பார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரியே எப்போதும் நிற்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'வெந்நீர்' என்று பெயர். சம்பள நாளில் கையெழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

வீட்டில் அவருக்கென்று இருந்தது முன் அறை. தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சுவருக்குச் சுவர் பதினோரு எட்டு இருந்தது. அதில் நடப்பார். திரும்புவார். மறுபடி நடப்பார்.

அந்த அறையின் மேல்தான் அவர் மனைவிக்குக் கண். அவள் தையல் வேலை செய்கிறவள். படுக்கை அறையில் மெத்தை மேல் துணியை விரித்து வெட்டுவாள். அவருக்கு முதுகில் வாரம் ஒரு குண்டூசி கிடைக்கும்.

"மெத்தையில குனிஞ்சு குனிஞ்சு வெட்டி எனக்கு இடுப்பு போச்சு. முன் ரூம்ல ஒரு பெரிய மேசை போட்டுக்கிறேன்" என்றாள் ஒரு நாள் காலையில்.

"அப்போ நான் எங்கே நடக்கிறது?"

"ரோடு போட்டு வச்சிருக்காங்களே, அது எதுக்காம்?"

"யோசிக்கிறதுக்காக நடக்கிறேன். ரோட்டுல நடந்தா யோசனை வராது, லாரிதான் வரும்."

"பதினஞ்சு வருஷமா நடக்கிறீங்க. யோசிச்சதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, ரூமை விட்டுடறேன்."

அவர் சுவர் வரை போய்த் திரும்பி வந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"உங்களால மூணு நாள் நிதானமா இருக்க முடியாது. அதான் விஷயம்" என்றாள் அவள்.

"யாரு, என்னாலயா?"

"ஒரு இடத்துல உட்கார வச்சா உங்களுக்கு ஜுரம் வந்துடும். போனாப் போகுது, நகர்ந்துக்கிட்டே நிதானமா இருங்க. ஆத்தங்கரை ரோட்டுல சைக்கிள்ல ஒரு சுத்து. இந்தக் கரையோட போய், மேலே பாலத்துல தாண்டி, அந்தக் கரையோட திரும்பி, நம்ம ஊர்ப் பாலத்துல ஏறி வீட்டுக்கு. நாப்பத்தெட்டு கிலோமீட்டர். மூணு நாள்."

"நாப்பத்தெட்டுதானா? மூணு மணி நேரம் போதுமே!"

"பார்த்தீங்களா."

அவர் சுவர் பக்கம் திரும்பி நடந்தார். அவள் விடவில்லை.

"நான் முன்னாடி போவேன், நீங்க பின்னாடி. என்னை முந்தினா முன் ரூம் எனக்கு. நான் நடுவுல முடியலைன்னு பஸ் ஏறினாலோ, நீங்க கடைசி வரைக்கும் முந்தாம வந்தாலோ, ஆயுசுக்கும் அது உங்..."

"சரி" என்றார் அவர், அவள் முடிப்பதற்குள்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. அவள் சைக்கிளைத் தொட்டுப் பத்து வருஷமாகிறது. முதல் நாள் மாலையே பஸ் கேட்பாள். அதையும் கொஞ்சம் சீக்கிரப்படுத்தினால் நல்லது என்று, புறப்படுகிற அன்று விடியற்காலையில் அவள் சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். அவள் மெதுவாகப் போனால் பின்னால் வருகிற தானும் மெதுவாகத்தான் போக வேண்டும் என்பது ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஆற்றங்கரைச் சாலையில் மேடு என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் வயல், நடுவே ஆறு. ஆறும் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு பாருங்க" என்றாள் அவள் முன்னாலிருந்து.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு."

"எங்கே பார்த்தீங்க? அந்தக் கொக்கைப் பாருங்க."

"பார்த்தாச்சு."

"அது இன்னும் திரும்பவே இல்லை."

சைக்கிளுக்கும் ஒரு மானம் உண்டு. ஒரு வேகத்துக்குக் கீழே போகச் சொன்னால் அது படுத்துவிடும். பத்து மணிக்குள் அவர் இரண்டு முறை புல்லில் விழுந்தார். மூன்றாம் முறை சேற்றில். அப்போது ஒரு பசு அவர்களைக் கடந்து முன்னால் போனது.

"மாடு முந்துது!" என்று கத்தினார்.

"முந்தட்டுமே. அது ரூம் கேட்கலையே."

வயலோரம் மோட்டார் கொட்டகைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர். எட்டு கொட்டகைகள் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவதில் அவர் அறியாமலே கால் இறங்கிவிட்டது.

"லீவுல இருக்கீங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

"சும்மாதான் எட்டிப் பார்த்தேன்."

"எவ்வளவு?"

"நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு."

சொன்ன பிறகு ஒரு மணி நேரம் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மதியம் அவள் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கினாள். இரண்டே முக்கால் மணி நேரம். அவர் மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே கடிகாரத்தில் பார்த்து வைத்த கணக்கு அது. பதினாறாவது கிலோமீட்டரில் இருந்த விடுதிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. பஸ்ஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுதிக்காரியின் தோளை நாடாவால் அளந்து, இரண்டு சட்டைக்கு வேலை பிடித்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் விடுதிக்காரரிடம் பம்பை இரவல் வாங்கிக்கொண்டு ஓசைப்படாமல் சைக்கிளருகே குந்தினார். எப்படியாவது அவளைக் கொஞ்சம் வேகமாகப் போக வைத்தால் போதும் என்றாகியிருந்தது.

"காத்து அடிக்க வேண்டாங்க" என்றது குரல், தலைக்கு மேல். "நேத்து நீங்க குறைச்சு வச்சது எனக்கு ரொம்ப வசதியா இருக்கு. மெத்துமெத்துன்னு போகுது."

அவர் பம்பைப் பார்த்தார். பம்ப் என்ன சொல்லும்?

"தெரிஞ்சுமா நேத்து ஒண்ணும் சொல்லாம வந்தே?"

"நீங்க இவ்வளவு அக்கறையா காலையில எழுந்து செஞ்சிருக்கீங்க. எதுக்குக் குத்திக் காட்டணும்? அதோட பாருங்க, இன்னைக்கு நானே இன்னும் கொஞ்சம் குறைச்சிருக்கேன்."

இரண்டாம் நாள் நத்தை கூட அவர்களோடு சேர்ந்து வர மறுத்திருக்கும். பாலத்தின் நடுவில் நின்று அவள் தண்ணீரைப் பார்த்தாள். பாலம் இறங்கியதும் கரையோரப் படகில் வலையை இழுத்துக்கொண்டிருந்தவனிடம் அவன் சட்டையில் பொத்தான் போனதைச் சொன்னாள். அதை வாங்கித் தைத்தும் கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் ஒரு தெருவையே முடித்திருப்பார். ஆனாலும் முந்தவில்லை. முகம் சிவந்து, காது சுட, ஹாண்டில்பாரைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். இன்னும் ஒன்றரை நாள். அப்புறம் ஆயுசுக்கும் பதினோரு எட்டு.

பிற்பகல் இரண்டு மணிக்கு, இருபத்தாறாவது கிலோமீட்டரில், கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அவள் மறுபடி ஒரு மரத்தடியைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். மூடியபடியே கூப்பிட்டாள்.

"ஏங்க."

"என்ன?"

"முன் ரூம் ஃபேனை நிறுத்தினீங்களா?"

"நீதானே கடைசியா வெளியே வந்தே?"

"நானா? நான் சைக்கிள்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். போங்க, ஓடினா ஓடட்டும். மூணு நாள்தானே."

துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு அவள் தூங்கிவிட்டாள்.

ஓடினா ஓடட்டும்! ஊரில் எத்தனை வாசலில் நின்று, ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுகிறதென்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார். இப்போது அவர் வீட்டு மீட்டருக்குள் தகட்டுச் சக்கரம் சுழல்வது கண்முன் தெரிந்தது. அதன் சிவப்புக் கோடு வந்தது, போனது, வந்தது. பக்கத்துப் பகுதியில் கணக்கெடுக்கிறவர்தான் அடுத்த வாரம் அவர் தெருவுக்கு வருகிறார். எண்ணைப் பார்த்துவிட்டு அலுவலகம் பூராவும் சொல்வார்.

சாவி சட்டைப்பையில் இருந்தது. புறப்படும்போது அவள்தான் போட்டு வைத்திருந்தாள். வீடு இருபத்திரண்டு கிலோமீட்டர். போக ஒரு மணி, வர ஒரு மணி. இவள் எழுந்திருக்க இரண்டே முக்கால். முக்கால் மணி நேரம் மிச்சம்.

முந்துவது ஆகாதா? ஆகாது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் ஓட்டினால்தான் முந்தல். இவள் ரோட்டிலேயே இல்லை, புல்லில் இருக்கிறாள். மரத்தைத் தாண்டிப் போனால் மரத்தை முந்தியதாக யாராவது சொல்வார்களா?

சைக்கிளை இருபது அடி தள்ளிக்கொண்டே போனார். பிறகு ஏறினார்.

அப்படி ஒரு சுகத்தை அவர் அனுபவித்ததில்லை. காற்று காதுக்குள் புகுந்து வெளியேறியது. வயல்கள் பின்னால் ஓடின. ஆறுகூட இப்போது ஆறு மாதிரி தெரிந்தது. மூன்று கொட்டகைகளின் மீட்டரைப் போகிற போக்கிலேயே படித்தார்.

தெருமுனையில் திரும்பியபோது அவர் வீட்டு வாசலில் ஒரு கைவண்டி நின்றது. வண்டியில் பளபளவென்று ஒரு பெரிய பலகையும் நான்கு கட்டைக் கால்களும். படியில் பின் தெருத் தச்சர், காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார்" என்று எழுந்தார் தச்சர். "அக்காவோட மேசை. ஆறடிக்கு நாலடி. கதவைத் திறந்தீங்கன்னா முன் ரூம்லயே காலைப் பொருத்திடலாம்."

அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் இன்னும் வரலை" என்றார். "நாளைக்குத்தான் வருவேன்."

"சரிங்க சார்."

"சும்மா ஃபேனை நிறுத்திட்டுப் போக வந்தேன்."

"ஃபேன் ஓடலை சார். ஜன்னல் வழியா பார்த்துட்டேன். கேட்டா சொல்லுங்கன்னு போன வாரமே அக்கா சொல்லியிருந்தாங்க."

"போன வாரமேவா? வேற என்ன சொன்னா உங்க அக்கா?"

"ரெண்டாம் நாள் மூணு மணிக்கு சார் வந்து கதவைத் திறப்பார்னாங்க." தச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ஏழு நிமிஷம் லேட் சார் நீங்க."