பாதி வெட்டிய மைதானம்

புல் வெட்டும் வண்டி மறுபடியும் நின்றுபோனபோது, தலைமையாசிரியர் மைதானத்தின் நடுவில், கணுக்கால் உயரப் புல்லில், பாலிஷ் போட்ட ஷூவோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா, இப்பத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?"

"ஆமா சார். இப்பத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றான் கொக்கு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி.

கொக்கு என்பது வண்டி ஓட்டுகிறவனுக்குப் பள்ளிக்கூடமே சேர்ந்து வைத்த பெயர். ஆறடிக்கு மேல் உயரம், அதில் முக்கால்வாசி கால். இதே பள்ளியில் தலைமையாசிரியரிடம் கணக்குப் படித்தவன். கணக்கு கடைசிவரை அவன் பக்கம் வரவே இல்லை, அதனால் தோட்ட வேலைக்கு வந்துவிட்டான். காதோரம் நரைத்து, கல்யாண வயதில் மகள் இருந்தும், இவரைப் பார்த்தால் கை தானாகக் கட்டிக்கொள்ளும். வேலையில் சுத்தம். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, துடைத்து, சாக்குப் போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

"சாவியைத் திருப்பு, பார்க்கலாம்."

கொக்கு வளைந்து சாவியைத் திருப்பினான். டிக் என்ற சத்தம்கூட இல்லை. தலைமையாசிரியரே குனிந்து திருப்பிப் பார்த்தார். பதவிக்காக வண்டி எந்தச் சலுகையும் காட்டவில்லை.

மறுநாள் விளையாட்டு விழா. தாளாளர் அம்மா வருகிறார். எப்போதும்போல ஆள் வைத்து வெட்டினால் போதும் என்று அவர் சொன்னதை மறுத்துப் பேசி, குட்டி டிராக்டர் மாதிரியான இந்த வண்டியை வாங்க வைத்தவர் தலைமையாசிரியர்தான். பேசியதோடு விட்டிருக்கலாம். "இது ஓடலைன்னா இனிமே இந்தக் கூட்டத்துல நான் வாயே திறக்க மாட்டேன்மா" என்று நிர்வாகக் குழு முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொல்லித் தொலைத்தார். இவர் எப்போது வாயை மூடுவார் என்று பல வருஷமாகக் காத்திருந்த குழு அது. தாளாளர் புன்னகையோடு "சரி, பார்ப்போம்" என்றார்.

"என்ன செய்வியோ தெரியாது, சாயங்காலத்துக்குள்ள வெட்டி முடிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். நாற்காலியை இழுக்கும்போதே வெளியே தடதடவென்று எஞ்சின் சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது. கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கொக்கு கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

"நான் போனதும் எப்படிடா ஓடுச்சு?"

"தெரியலை சார். ஓடுச்சு."

"வந்ததும் ஏன் நின்னுச்சு?"

"அதான் சார் எனக்கும் புரியலை."

கொக்கு பொய் சொல்கிற ஆளில்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்தக் காலத்தில் வீட்டுப்பாடத்துக்கு ஒரு காரணமாவது சொல்லியிருப்பான்.

இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பேட்டரி சார். சந்தேகமே வேண்டாம்."

"இப்ப பேட்டரிக்கு எங்க போறது?"

இயற்பியல் ஆசிரியரின் பார்வை நிழலில் நின்ற தலைமையாசிரியரின் கார்மேல் போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் கார் பேட்டரி வெளியே வந்தது. வண்டியில் அதற்கு இடம் போதாமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். தலைமையாசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் அலுவலகத்திலிருந்து அவர் அறைக்குப் போன். ஓடிப்போய் எடுத்தார். "எல்லாம் பிரமாதமா நடக்குதும்மா" என்று சொல்லி வைத்தார். அவர் சொன்னதை ஆமோதிப்பதுபோல வெளியே வண்டி ஓடியது. ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினார். நின்றது.

"அப்ப பேட்டரி இல்லை சார், பெட்ரோல்" என்றார் அப்போது அங்கே வந்து சேர்ந்த வேதியியல் ஆசிரியர். "ரொம்ப நாள் டேங்க்ல கிடந்தா கெட்டுப்போயிடும். புதுசா ஊத்தணும்."

பழைய பெட்ரோலை ஒரு ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். முதல் வாய் வேதியியல் ஆசிரியருக்கே கிடைத்தது. அவர் துப்பிக்கொண்டே போய், காலையில்தான் நிரப்பிய தன் பைக்கிலிருந்து ஒரு சொட்டு விடாமல் வடித்துக் கொண்டுவந்து ஊற்றினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். சாவி திரும்பியது. வண்டி சும்மா இருந்தது.

ஆசிரியர்கள் கை கழுவப் போனார்கள். தலைமையாசிரியர் முகம் கழுவப் போனார். குழாயைத் திறக்கும்போது வண்டி ஓடியது.

ஆக, காரும் கிளம்பாது, பைக்கும் கிளம்பாது. தலைமையாசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்து வண்டி மட்டும் ஜோராக ஓடியது. மைதானம், முடிவெட்டும்போது பாதியில் எழுந்து வந்தவன் தலை மாதிரி இருந்தது.

தமிழாசிரியர் மெதுவாக அருகில் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நானும் காலையிலேருந்து பார்க்கிறேன். நீங்க வந்தாத்தான் நிக்குது."

"அதுக்கு?"

"சில பேருக்குச் சில பொருள் ராசியில்லைன்னு சொல்லுவாங்க…"

"கணக்கு வாத்தியார்கிட்ட வந்து ராசியைப் பத்திப் பேசறீங்களா?" என்று எரிந்து விழுந்தார் தலைமையாசிரியர். ஆனால் தமிழாசிரியர் போனதும், யாரும் பார்க்காதபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

வண்டி கிளம்பியது. அவர் மூச்சு விடாமல் நின்றார். வண்டி மைதானத்தின் அந்த ஓரம்வரை போய், அழகாகத் திரும்பி, புல்லை வாரி இறைத்துக்கொண்டு தொட்டியை நோக்கி வந்தது. ஆசை யாரை விட்டது? தலையை மட்டும் வெளியே நீட்டினார். கொக்கு பார்த்துவிட்டான். வண்டி நின்றது.

தலைமையாசிரியருக்கு உண்மையாகவே வலித்தது. இந்தப் பள்ளிக்காக இவ்வளவு வருஷம் உழைத்தவர். மணி அடிக்கும் முன் வருவார், எல்லோரும் போனபின் போவார். அவரைப் பார்த்தால் ஒரு இரும்பு வண்டிக்குக்கூடப் பிடிக்கவில்லையென்றால் என்ன அர்த்தம்? வலி தாங்காதவர்கள் செய்வதையே அவரும் செய்தார். பக்கத்தில் இருந்தவன்மேல் பாய்ந்தார்.

"எல்லாம் உன் வேலைடா! வேணும்னே என்னைத் தலைகுனிய வைக்கிறே. நாளையிலேருந்து நீ வர வேண்டாம். சாவியைக் கொடுத்துட்டுப் போ!"

கொக்குவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிங்க சார்" என்று சாவியைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். சத்தம் கேட்டு வந்த ஆசிரியர்கள் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் பி.டி. டீச்சர் சுண்ணாம்புத் தூள் டின்னோடு வந்தாள். இந்த வருஷம்தான் சேர்ந்தவள். ஓட்டப்பந்தயக் கோடு போட முடியாமல் காலையிலிருந்து மைதானத்தின் மறுகோடியில் காத்துக்கொண்டிருந்தாள்.

"சார், வெயில் ஏறுது. இவங்க முடிச்சாத்தான் நான் கோடு போட முடியும்."

"வண்டிதான் ஓடலையேம்மா!"

"நான் அங்கிருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்க."

சாவியை வாங்கிக்கொண்டு கொக்குவைத் தனியாக அழைத்தாள். ஏதோ கேட்டாள். அவன் யோசித்து, இல்லை என்று தலையாட்டினான். அவள் திரும்பி வந்து டின்னைக் கீழே வைத்தாள். பிறகு, இத்தனை பெரியவர்கள் நிற்கும்போது, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தமிழாசிரியர் பதறிப்போனார்.

சாவியைத் திருப்பினாள். வண்டி தடதடவென்று கிளம்பியது. எழுந்து நின்றாள், பட்டென்று அடங்கியது. உட்கார்ந்து திருப்பினாள், கிளம்பியது. எழுந்தாள், அடங்கியது.

"இது என்ன மாயம்மா?" என்றார் தலைமையாசிரியர். குரல் தழைந்துவிட்டது.

"மாயமெல்லாம் இல்ல சார். சீட்ல ஆள் இருந்தாத்தான் இது ஓடும். உங்களைப் பார்த்ததும் அண்ணன் எந்திரிச்சுடுறாரு. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நீங்க ஒரு தடவைகூட அவரை உட்காருன்னு சொன்னதில்லையாம்!"