இருநூற்றைந்து மைல், ஒன்றரை மணித்தியாலம்

இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஆகாய வழியாக எத்தனை மைல் என்று கடவுளுக்கே சந்தேகம் வந்திருந்தாலும், அவர் வெள்ளவத்தைக்கு வந்து நாங்கள் மைல்கட்டையர் என்று கூப்பிட்டவரைத்தான் கேட்டிருப்பார். "இருநூற்றைஞ்சு. ஒன்றரை மணித்தியாலம். எதிர்காத்தெண்டால் இன்னுமொரு பத்து நிமிஷம்" என்று இவரும் நிமிர்ந்து பாராமல் சொல்லியிருப்பார்.

மனிதர் புதுக்கடை நீதிமன்றத்தில் கிளாக்கர். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் நாங்கள் ஏழு பேர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அவரே மூத்தவர். வெள்ளைக்காரன் கொடியை இறக்குவதற்கு முந்திய மாரியில் வடக்கே விமானம் பறக்கத் தொடங்கியது. அன்றோடு இவருக்குப் பித்துப் பிடித்தது. விமானம் கூரைக்கு மேலே இரைந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். பிட்டுக்கு உட்காரும்போது "இப்ப சிலாபம்" என்பார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் மன்னாரைத் தாண்டுவார். ஒருநாள் நீதவான் வந்து அமர்ந்த நேரத்தில் "இறங்கீட்டான்" என்று சொல்லிவிட்டாராம். யார் இறங்கியது என்று நீதவான் விசாரித்தாராம்.

கலியாணப் பேச்சுக்குப் போன இடத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆறு நிமிஷப் பறப்புத்தான் என்றிருக்கிறார். பெண்ணின் தகப்பன் "பிளேன் ஆற்றை, உம்மடையோ?" என்று கேட்டார். சம்பந்தம் அத்தோடு நின்றது.

அவர் ஒருமுறையும் விமானத்தில் ஏறியவரல்ல. உயரம் என்றால் பயம். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

விமானக் கம்பனியொன்றில் சீட்டுப் பதிவது என் வேலை.

ஒரு பிற்பகல் அவருக்குத் தந்தி வந்தது. தகப்பன் இறந்துவிட்டார், மறுநாள் மத்தியானம் தகனம். இவர் ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். அன்றிரவு மெயில் ரயிலைப் பிடித்தால் விடியக் காலையில் யாழ்ப்பாணம். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் கதவடியில் நின்று சொன்னேன்: "என்ன அண்ணை, மெயிலிலயோ போறியள்? அப்ப இவ்வளவு நாளும் கதைச்சது?"

செத்தவீட்டுக்காரனிடம் பேசும் பேச்சா அது? வீட்டில் நின்ற இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். அவர் பெட்டியின் வாரைப் பிடித்தபடி நின்றார்.

"நாளைக்குச் சீற் இருக்கோ, தம்பி?"

"ஒண்டு இருக்கு."

வடக்கே கடும் மழை, விமானத் திடலில் நீர் ஏறுகிறது என்று அன்று காலை எங்கள் கம்பனிக் கந்தோருக்கு வந்த செய்தியை நான் வாசித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவர் விமானத்தில் ஏறி நடுங்குவதை நினைக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன நேரத்துக்குக் காங்கேசன்துறைக்குப் போனது. இறங்கத்தான் இல்லை. கீழே ஒரே வெள்ளம். இரண்டு தரம் சுற்றிவிட்டு மதராசுக்குப் போய்விட்டது. கொள்ளி வைக்கப் போனவர் மத்தியானம் மதராசில் நின்றார். ரயிலும் கப்பலுமாக ஊர் சேர்ந்தபோது சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்திருந்தது. ஒன்றுவிட்ட தம்பி கொள்ளி வைத்திருந்தான்.

ஒரு மாதம் கழித்து, மொட்டைத் தலையில் முடி முளைக்கத் திரும்பி வந்தார். விமானத்தில் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாராம். திடலுக்கு மேலே சுற்றும்போது ஒரு தரம்தான் திறந்தாராம்.

"எங்கட வீட்டு முத்தத்துப் பந்தலைக் கண்டனான், தம்பி. வெள்ளை கட்டியிருந்தது."

செய்தியை மறைத்ததை அன்றே அவரிடம் சொன்னேன். பெட்டியின் வாரை அவிழ்த்தார். பிறகு, "அம்மாவுக்குச் சொல்லாதையும்" என்றார்.

அடுத்த ஆனியில் அவருடைய தாய் மகனுக்குச் சீட்டு எடுத்துக்கொடுத்த எனக்கென்று தனியாகக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கட்டி அனுப்பியிருந்தார். மைல்கட்டையரே தோல் சீவினார். கதுப்பையெல்லாம் என் கையில் வைத்துவிட்டு, கொட்டையைத் தான் எடுத்துக்கொண்டார்.